டர்போ போய்விட்டது என்று முடிவெடுப்பதற்கு முன்: பழைய பிக்கப்பின் இழுவை எங்கே தொலைகிறது?

சென்ற வருடம் மாரி தொடங்குவதற்கு முன்னர், ஒரு விடியப்புறம் விசுவமடுவிலிருந்து தம்புள்ளைக்குப் பூசணிக்காய் ஏற்றிக்கொண்டு போனேன். ஓமந்தை தாண்டியதும் முன்னால் போன லொறியை முந்த நினைத்து மிதித்தேன். சத்தம் கூடியதே தவிர வேகம் கூடவில்லை. கண்ணாடியில் பார்த்தால் பின்னால் கரும்புகை. எதிரே பஸ் ஒன்று விளக்கடித்துக்கொண்டு வந்தது. பிரேக்கை அழுத்தி லொறியின் பின்னாலேயே ஒதுங்கிவிட்டேன். கை நடுக்கம் அடங்க மதவாச்சி வரை போனது.

என்னுடையது 2003ஆம் ஆண்டு மிட்சுபிஷி எல் 200 டபிள் கப். 2.5 லீற்றர் 4டி56 டீசல் எஞ்சின், டர்போவும் இன்டர்கூலரும் உள்ளது. போருக்குப் பின் இங்கு வேலை செய்த நிறுவனமொன்று ஏலத்தில் விற்ற வாகனத்தை இரண்டாவது கையாக வாங்கினேன். இதை விற்று வேறொன்று எடுக்கலாம் என்று யாரும் இலேசாகச் சொல்லலாம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பிறகு பழைய வாகனங்களின் விலை எங்கே போனது என்பது எல்லோருக்கும் தெரியும். 2025 பெப்ரவரியில் மறுபடி அனுமதித்தார்கள். ஆனால், வரியோடு சேர்த்துப் பார்த்தால் புதிய பிக்கப் எங்களைப் போன்றவர்களுக்கு எட்டாத விலை. ஆகவே இருபது, இருபத்தைந்து வருட வாகனங்களை ஓடவைத்தே வன்னியில் பலர் பிழைக்கிறோம்.

தம்புள்ளையிலிருந்து திரும்பியதும் ஒரு கராஜில் காட்டினேன். அங்கிருந்தவர் பொனட்டைத் திறந்தார், ஒருமுறை உறுமவிட்டார், புகையைப் பார்த்தார். "அண்ணை, டர்போ போட்டுது. கழட்டி வேற போடவேணும். பாவிச்ச சாமான் எண்டாலும் கூலியோட ஒண்டு அறுபத்தைஞ்சு வரும்" என்றார். ஒரு இலட்சத்து அறுபத்தையாயிரம் ரூபாய். "இப்போதைக்கு ஓட பம்பில கொஞ்சம் டீசலைக் கூட்டி விடுறன்" என்று சொல்லி ஏதோ திருகியும் விட்டார்.

வீட்டில் வந்து சொன்னேன். மனைவி ஒன்றும் பேசாமல் அறைக்குள் போய்ச் சங்கிலியை எடுத்துவந்து மேசையில் வைத்தார். அது ஏற்கெனவே இரண்டு முறை அடைவுக்குப் போய் மீண்டு வந்த சங்கிலி. "ஒரு நாள் பொறு. நான் ஒருக்கா பார்க்கிறன்" என்றேன்.

அந்த ஒரு நாளில் பார்த்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். இதே வார்த்தையைக் கேட்டுவிட்டு நகையை எடுக்கப் போகும் யாருக்காவது உதவட்டும்.

டர்போ என்ன செய்கிறது?

1999இல் எனக்குப் பதினான்கு வயது. புதுக்குடியிருப்பில் ஒரு கராஜில் உதவிக்கு நின்றேன். அங்கே வந்த ஹைலக்ஸ்களில் பெரும்பாலும் 3எல், 5எல் எஞ்சின்கள். அவற்றில் டர்போ இல்லை. தானாக இழுக்கும் காற்றிலேயே ஓடும். அதனால் எங்கள் பக்கத்தில் பழைய மெக்கானிக்மார் பலருக்கு டர்போ என்பது பின்னாளில் வந்து சேர்ந்த சாமான். அதில் கொஞ்சம் பயமும் உண்டு.

வேலை விளங்கிவிட்டால் பயம் குறையும். எஞ்சினிலிருந்து வெளியேறும் புகைக்கு வேகமும் சூடும் உண்டு. அந்தப் புகை ஒரு சிறிய சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதே அச்சின் மறுமுனையில் இன்னொரு சக்கரம். அது வெளிக்காற்றை இழுத்து, அமுக்கி, எஞ்சினுக்குள் தள்ளுகிறது. காற்று கூடினால் கூடுதல் டீசலை எரிக்கலாம், இழுவை கூடும். முழு வேகத்தில் அந்த அச்சு நிமிடத்துக்கு ஒரு இலட்சம் சுற்றுக்கு மேல் சுழலும். அதைத் தாங்குவது மெல்லிய ஒயில் படலம் மட்டுமே.

இப்படித் தள்ளப்படும் காற்றின் அழுத்தத்தைத்தான் பூஸ்ட் என்கிறார்கள். என்னுடையதைப் போன்ற பழைய பிக்கப்களில் முழுச் சுமையில் இது பொதுவாக 8 முதல் 12 பி.எஸ்.ஐ. வரை இருக்கும். மோட்டார் சைக்கிள் ரயரில் அடிக்கும் காற்றிலும் பாதிக்குக் குறைவு. ஆனால் அந்தக் காற்று இல்லையென்றால் ஒரு தொன் பூசணிக்காய் நகராது.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. டர்போவிலிருந்து எஞ்சினுக்குப் போகும் வழியில் இன்டர்கூலர், ரப்பர் ஹோஸ்கள், கிளிப்கள் என்று பல மூட்டுகள் உண்டு. டர்போ ஒழுங்காகக் காற்றை அமுக்கினாலும், அது வழியில் வெளியேறிவிட்டால் சாரதிக்குத் தெரிவது ஒன்றுதான்: வாகனம் இழுக்கவில்லை.

முதலில் புகையும் சத்தமும்

எனக்கு வேலை பழக்கியவர் எந்த வாகனம் வந்தாலும் சாவியைத் தொட முன்னர் இரண்டு கேள்வி கேட்பார். "எப்ப தொடங்கினது? அதுக்கு முதல் என்ன செய்தனீங்கள்?" தடைக்காலத்தில் அளக்கிற கருவி ஒன்றும் இல்லை. மண்ணெண்ணெயில் ஓடும் எஞ்சினைக் காதால் கேட்டே நேரம் வைப்பார். 2009இல் மாத்தளனில்தான் அவரைக் கடைசியாகக் கண்டேன். அவர் கேட்ட கேள்விகளை இன்றும் நான் முதலில் கேட்கிறேன்.

புகையின் நிறம் பாதி விடையைச் சொல்லும். கரும்புகை என்றால் டீசலுக்கு ஏற்ற காற்று இல்லை: எயார் பில்டர் அடைப்பு, காற்றுக் கசிவு, அல்லது டீசல் அளவுக்கு மேல். நீலப்புகை என்றால் ஒயில் எரிகிறது. டர்போ சீல் சந்தேகத்துக்குரியதுதான். ஆனால் எஞ்சின் தேய்ந்திருந்தாலும் நீலப்புகை வரும். புகையே இல்லாமல் இழுவை மட்டும் குறைந்தால் டீசல் போதாமல் இருக்கலாம்: டீசல் பில்டர், ராங்கிக்குள் அழுக்கு, அல்லது பம்புக்குப் போகும் சிறு காற்றுக்குழாய்.

சத்தத்தையும் கேட்க வேண்டும். மிதிக்கும்போது மட்டும் "ஸ்ஸ்" என்று காற்று சீறினால் ஹோஸில் கசிவு. "டிக் டிக்" என்று தட்டும் சத்தம் எஞ்சின் சூடாகச் சூடாகக் குறைந்தால், புகைவழி மூட்டிலோ மனிபோல்டிலோ வெடிப்பு. இரும்பில் இரும்பு உரசும் கிறீச்சிடல் கேட்டால் ஓட்டத்தை உடனே நிறுத்துங்கள். அது டர்போவேதான்.

என்னுடையதில் சீறல் இலேசாகக் கேட்டது. உரசல் இல்லை. அதுவே எனக்கு ஒரு நம்பிக்கை.

செலவில்லாத சோதனைகள்

முதலில் எயார் பில்டர். எங்கள் கிரவல் பாதைகளில் கோடைகாலம் முழுவதும் செம்மண் தூசி. பில்டரைக் கழற்றி வெயிலுக்கு நேரே பிடித்துப் பாருங்கள். வெளிச்சம் ஊடுருவாவிட்டால் மாற்றுங்கள். காற்றடித்துத் துப்புரவாக்குவதென்றால் உள்பக்கத்திலிருந்து வெளியே அடிக்க வேண்டும். வெளியிலிருந்து அடித்தால் தூசி உள்ளே இறுகும், தாளும் கிழியும். பில்டர் பெட்டிக்குக் காற்று வரும் குழாயையும் பாருங்கள். பாவிக்காமல் விட்ட வாகனங்களில் குளவிக்கூடு, எலிக்கூடு எல்லாம் இருக்கும்.

இரண்டாவது, ஹோஸ்கள். எஞ்சினை நிறுத்தி, ஆறவிட்டு, டர்போவிலிருந்து இன்டர்கூலருக்கும் அங்கிருந்து எஞ்சினுக்கும் போகும் ஒவ்வொரு ஹோஸையும் கையால் தடவுங்கள். மேல்பக்கம் எப்போதும் நன்றாகத்தான் இருக்கும். வெடிப்பு கண்ணுக்குத் தெரியாத அடிப்பக்கத்தில். ஒயில் கசிந்து கறுப்பாக ஈரம் படிந்த இடம் கண்டால், காற்றும் அதனூடாகத்தான் போகிறது.

எனது வாகனத்தில் டர்போவுக்கும் இன்டர்கூலருக்கும் இடையிலான ஹோஸின் அடியில் விரலுக்கு ஒட்டும் ஒன்று தட்டுப்பட்டது. வளைந்து பார்த்தால் சைக்கிள் ரியூப். முன்பு வைத்திருந்த யாரோ வெடிப்பின் மேல் சுற்றிக் கம்பியால் கட்டியிருக்கிறார்கள்.

அதைக் கண்டதும் கோபம் வரவில்லை. நானும் அப்படித்தான் வேலை பழகினேன். தடைக்காலத்தில் சாமான் வராது. ரியூபையும் கட்டுக்கம்பியையும் வைத்துத்தான் வன்னியில் வாகனங்கள் ஓடின. காயக்காரரை ஏற்றிய வாகனங்களும் அப்படித்தான் ஓடின. ஆனால் அந்த வைத்தியம் அன்றைய எஞ்சின்களுக்கு. டர்போ வழியில் சூடும் ஒயில் ஆவியும் உண்டு. சைக்கிள் ரியூப் ஒயில் பட்டு ஊதி இளகிவிடும். நிற்கும்போது மூடியிருக்கும், சுமையோடு அழுத்தம் ஏறும்போது வாய் திறக்கும். அதனால்தான் கராஜில் வெறுமனே உறுமவிட்டபோது எதுவும் தெரியவில்லை.

சவர்க்கார நீர்

சந்தேகத்தை உறுதிப்படுத்த ஒரு எளிய சோதனை உண்டு. ஹார்ட்வெயார் கடையில் டர்போவின் வாய்க்குப் பொருந்தும் பி.வி.சி. மூடி ஒன்று வாங்கி, அதில் துளையிட்டு, ரியூப் இல்லாத ரயருக்குப் பூட்டும் வால்வு ஒன்றைப் பூட்டுங்கள். எயார் பில்டரிலிருந்து டர்போவுக்கு வரும் ஹோஸைக் கழற்றி, அந்த இடத்தில் ஹோஸ் துண்டும் கிளிப்பும் வைத்து மூடியை இறுக்குங்கள். எஞ்சினின் மூச்சுக்குழாய் அந்த ஹோஸில் சேர்கிறதென்றால் அதைத் தனியாக அடைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் காற்று எஞ்சின் வயிற்றுக்குள் போகும்.

பிறகு அளவு காட்டும் பம்பினால் 10 பி.எஸ்.ஐ. வரை மெதுவாகக் காற்றடியுங்கள். 15க்கு மேல் வேண்டாம். எஞ்சின் நின்றிருக்க வேண்டும், முகத்தை மூடிக்கு நேரே வைக்கக்கூடாது. கழன்றால் குண்டு போல வரும். சவர்க்காரம் கரைத்த நீரை ஒவ்வொரு மூட்டிலும் தெளித்தால் கசியும் இடத்தில் நுரை பொங்கும். திறந்திருக்கும் வால்வுகள் வழியே சிறிது காற்று உள்ளே போய்ச் சத்தம் கேட்கும். அது வழமை. நுரை வரும் இடத்தை மட்டும் கவனியுங்கள்.

எனக்கு மகன் பம்பை அடித்தான். 6 பி.எஸ்.ஐ. தாண்டியதும் ரியூப் கட்டின் அடியில் நுரை பூத்தது. மேலே ஏற்ற முடியவில்லை.

இரண்டு மெல்லிய குழாய்கள்

பெரிய ஹோஸோடு நின்றுவிடக்கூடாது. பழைய டர்போ டீசல்களில் பென்சில் தடிப்பில் இரண்டு சிறிய ரப்பர் குழாய்கள் இருக்கும். இவற்றைப் பலர் பார்ப்பதே இல்லை.

ஒன்று டர்போவிலிருந்து வேஸ்ட்கேட் எனும் கதவை இயக்கும் டப்பாவுக்குப் போவது. அழுத்தம் அளவைத் தாண்டினால் அந்த டப்பா ஒரு கம்பியைத் தள்ளும், கதவு திறந்து மேலதிகப் புகை டர்போவைச் சுற்றாமல் வெளியேறும். கதவு துருப்பிடித்துத் திறந்தபடி நின்றால் பூஸ்ட் ஏறாது. மாறாக, அந்தக் குழாய் வெடித்தால் கதவு திறக்கவே திறக்காது. அப்போது வாகனம் முன்பைவிட நன்றாக இழுக்கும். சாரதி சந்தோஷப்படுவார். ஆனால் அழுத்தமும் சூடும் கட்டுப்பாடின்றி ஏறி, கடைசியில் ஹெட் வெடிக்கும். 4டி56 எஞ்சினில் ஹெட் வெடிப்பது பேர்போன வருத்தம்.

மற்றது, எஞ்சினின் காற்றுவழியிலிருந்து டீசல் பம்பின் தலைக்குப் போவது. பம்பின் மேலே ஒரு ரப்பர் சவ்வு உண்டு. பூஸ்ட் ஏற ஏற அது அழுந்தி டீசலைக் கூட்டும். இந்தக் குழாய் வெடித்தாலோ சவ்வு கிழிந்தாலோ, டர்போ எவ்வளவு தள்ளினாலும் பம்புக்குச் செய்தி போகாது. புகையும் இருக்காது, இழுவையும் இருக்காது. ஒரு முழக் குழாயின் விலை சில நூறு ரூபாய்தான். அதற்காக டர்போ மாற்றியவர்களை எனக்குத் தெரியும்.

அளந்து பார்த்தல்

ஊகத்தை முடித்துவைப்பது ஒரு பூஸ்ட் கேஜ். பம்புக்குப் போகும் அந்தச் சிறு குழாயின் இடையே மூன்றுவழி இணைப்பு ஒன்றைப் போட்டு, நீளக் குழாயால் கேஜை உள்ளே கொண்டுவரலாம். சுமையோடு, ஆளில்லாத நேர்பாதையில், மூன்றாவது கியரில் மெதுவாக வந்து முழுதாக மிதியுங்கள். கேஜை இன்னொருவர் பார்க்க வேண்டும், சாரதி பார்க்கக்கூடாது.

சரியான அளவு உங்கள் வாகனத்தின் கையேட்டில் இருக்கும். கேஜ் அந்த அளவைத் தொட்டும் இழுவை இல்லையென்றால் டர்போவை விட்டுவிட்டு டீசல் பக்கம் போங்கள். 2022இல் வரிசையில் நின்று வாங்கியதைக் கலன்களிலும் பீப்பாய்களிலும் சேர்த்து வைத்து ஊற்றினோம். அந்த அழுக்கும் தண்ணீரும் இன்னும் சில ராங்கிகளின் அடியில் கிடக்கின்றன. கேஜ் பாதிகூட ஏறாவிட்டால் ஹோஸ், வேஸ்ட்கேட், புகைவழி என்று வரிசையாகப் பாருங்கள். நசுங்கிய சைலன்சரும் டர்போவின் மூச்சை அடைக்கும்.

என்னுடையது 4க்கு மேல் போகவில்லை. வவுனியாவில் ஒயிலுக்கும் சூட்டுக்கும் தாங்கும் ஹோஸ் ஒன்றை 6,500 ரூபாய்க்கு வாங்கினேன், இரண்டு நல்ல கிளிப்புகளும். ரேடியேட்டர் ஹோஸ் மலிவு, ஆனால் அது தண்ணீருக்குச் செய்தது. போட்டுவிட்டு ஓடியபோது கேஜ் 10இல் நின்றது.

இழுவை வந்துவிட்டது, ஆனால் கரும்புகை முழுதாக நிற்கவில்லை. அப்போதுதான் "டீசலைக் கூட்டி விடுறன்" என்ற வார்த்தை ஞாபகம் வந்தது. பம்பின் திருகாணியில் புதிதாகச் சாவி பட்ட அடையாளம். அதன் பழைய இடம் அழுக்குக் கோடாகத் தெரிந்தது. திரும்ப அங்கே வைத்ததும் புகை அடங்கியது. காற்றில்லாத எஞ்சினுக்கு டீசலைக் கூட்டுவது காய்ச்சல்காரருக்குப் போர்வை போடுவது மாதிரி. புகையோடு போவது உங்கள் காசு, உள்ளே ஏறுவது சூடு. யாராவது அந்தத் திருகாணியைத் தொடுவதென்றால் முதலில் அடையாளம் போடச் சொல்லுங்கள்.

டர்போவே போயிருந்தால்

போகாது என்று நான் சொல்லவில்லை. எங்கள் ஊரில் இன்னொருவரின் பிக்கப்புக்கு இதே சோதனைகளைச் செய்தோம். ஹோஸ்கள் எல்லாம் நலம். எஞ்சின் ஆறிய பிறகு டர்போவின் வாய் ஹோஸைக் கழற்றி, உள்ளே இருக்கும் சக்கரத்தை விரலால் சுற்றினோம். பக்கவாட்டில் சிறு அசைவு இருக்கலாம், அது ஒயில் படலத்துக்கான இடைவெளி. முன்பின்னாக அசைவு கைக்குத் தெரியக்கூடாது. இறக்கைகள் சுவரில் உரசிய தடம் இருக்கக்கூடாது. ஹோஸுக்குள் இலேசான ஒயில் பூச்சு வழமை. தேங்கி நின்றால் பிழை. அவருடையதில் அச்சு தளதளவென்று ஆடியது. அது டர்போதான்.

ஆனால் புதிது போடுவதற்கு முன்னர் பழையது ஏன் போனது என்று கேட்க வேண்டும். அவர் ஒயில் மாற்றி இரண்டு வருடம். ஒயில் வரும் குழாய்க்குள் கரி. அதைத் துப்புரவாக்காமல் போட்டிருந்தால் அடுத்த டர்போவும் அதே வழிதான். ஒயிலை நேரத்துக்கு மாற்றுவதும், சுமையோடு ஓடிவந்து நிறுத்தும்போது ஒரு நிமிடம் சும்மா ஓடவிட்டு நிறுத்துவதும் டர்போவுக்கு நாங்கள் செய்யக்கூடிய பெரிய உபகாரம்.

2005க்குப் பின் வந்த 3.0 லீற்றர் ஹைலக்ஸ் போன்றவற்றில் டர்போவின் உள்ளே அசையும் இதழ்களும் அவற்றை இயக்கும் மின்மோட்டாரும் உண்டு. கரி படிந்து இதழ் இறுகினால், கொம்பியூட்டர் எஞ்சினைக் காப்பாற்ற இழுவையைத் தானே குறைத்துவிடும். அதற்கு ஸ்கேனர் உள்ள இடத்துக்குத்தான் போக வேண்டும். அங்கும் பில்டரையும் ஹோஸையும் முதலில் பார்த்துவிட்டுப் போங்கள்.

கராஜில் நிற்பவர்கள் எல்லோரும் ஏமாற்றுகிறார்கள் என்று இதை எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்தத் தம்பிக்கும் ஒரு நாளில் பத்து வாகனம். அவர் டர்போவைத் திறந்து பார்க்காமல் சொன்னார். நானும் "எதை வைச்சுச் சொல்லுறியள்?" என்று கேட்காமல் வந்தேன். அச்சு ஆடுகிறதா, பூஸ்ட் எவ்வளவு காட்டுகிறது என்று இரண்டு கேள்வி கேட்டிருந்தால் அவரே ஹோஸைப் பார்த்திருப்பார். பிறகு ஒருநாள் அவரிடம் போய் ரியூப் சுற்றிய அந்தப் பழைய ஹோஸைக் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அண்ணை, இதை இங்க வைச்சிட்டுப் போங்கோ, பெடியளுக்குக் காட்ட" என்றார். கொடுத்துவிட்டு வந்தேன்.

அந்த வாரமே மறுபடி தம்புள்ளைக்குச் சுமை ஏற்றினேன். ஓமந்தை தாண்டி ஒரு லொறியை முந்தினேன். சங்கிலி வீட்டில்தான் இருக்கிறது.